சிற்பமா, விறகா? டீன் காட்டு ஐயங்கள் குறித்து ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் உள்ள டீன் காட்டுச் சிற்பப் பாதை, பீச்சன்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் தொடங்கிச் சுமார் 7 கிலோமீட்டர் சுற்றி அங்கேயே வந்து முடிகிறது. பிரிஸ்டலின் ஆர்னோல்ஃபினி கலைக்கூடமும் வனத்துறையும் சேர்ந்து 1986இல் இதை அமைத்தன. சிற்பிகள் காட்டுக்கு வந்து, காட்டைப் பார்த்து, அந்தந்த இடத்துக்கென்றே ஒன்றைச் செய்துவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மரத்துக்குப் பஞ்சமில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்படைக் கப்பல்களுக்கென்று இங்கே ஏராளமான ஓக் நடப்பட்டது. அவை முற்றுவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. வேலையின்றி நின்ற ஒரு மரக்குலத்துக்குச் சிற்பக்கலை தாமதமாகக் கிடைத்த உத்தியோகம் எனலாம்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. மரத்தால் ஆனதை மரங்களுக்கு நடுவே வைத்தால் பார்வையாளர் எதைப் பார்ப்பது? தொலைவில் நிற்பது கட்டையா மனிதனா என்பது, ஐயத்துக்குத் தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. கட்டையே கலையாகவும் இருக்கலாம் என்ற மூன்றாம் வழி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அருங்காட்சியகத்திலும் இந்தத் தொல்லை இல்லை; பீடமும் விளக்கும் கயிற்று வேலியும் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றன.

ஐயத்துக்கு இடமே தராத படைப்புகள் சில உண்டு. கெவின் ஆதர்ட்டனின் ‘கதீட்ரல்’ 15 அடி உயர வண்ணக் கண்ணாடிச் சாளரம். மரங்களுக்கிடையே உயரத்தில் தொங்கவிடப்பட்டது. கண்ணாடிச் சாளரம் எந்த மரத்திலும் தானாகக் காய்ப்பதில்லை என்பதால் கழுத்து வலியைத் தவிர ஆராய எதுவுமில்லை.

கீர் ஸ்மித்தின் ‘இரும்புப் பாதை’ அப்படிப்பட்டதன்று. பழைய ரயில் தடத்தில் 20 ஸ்லீப்பர் கட்டைகள் கிடக்கின்றன. ரயில் ஓடிய இடத்தில் ஸ்லீப்பர் கட்டை கிடப்பதில் என்ன வியப்பு என்று எண்ணுபவர் அவற்றைத் தாண்டிப் போகலாம். குனிந்தால்தான் ஒவ்வொன்றிலும் செதுக்கியிருப்பது கண்ணில் படும். நெவில் கேபி 2001இல் செய்த ‘ரா’ இன்னும் கடினம். ஒரு முழு ஓக் மரத்தைத் துண்டுகளாக்கி ஒரே கனத்த கட்டியாக அடுக்கிய படைப்பு அது. வனத்துறையும் இதே காட்டில் மரம் வெட்டி வழியோரம் அடுக்குகிறது. இரண்டு அடுக்குகளுக்கும் வேறுபாடு காண்பதே இத்துறையின் முதுகலைப் பாடம்.

புறக்குறிகள் ஓரளவு உதவும். ஒரு பொருளைக் கலையென்று நம்பியவரின் கைகள் தாமாகவே முதுகுப் பக்கம் கோத்துக்கொள்கின்றன; தலை சிறிது சாய்கிறது; குரல் தணிகிறது. அது வெறும் விறகடுக்கு என்று தெரிந்த கணம் கைகள் அவிழ்கின்றன, ஒன்று சட்டைப்பைக்குள் போகிறது. ஆனால் இவை பார்ப்பவரின் நம்பிக்கையைக் காட்டுமேயன்றிப் பொருளின் இயல்பை நிறுவா. இக்காட்டுக் காட்டுப்பன்றிகள் மூக்கால் கிளறிப்போட்ட மண்ணின் முன்னும் கை கட்டி நிற்க வாய்ப்புண்டு. குழந்தைகள் எதன்மேலும் ஏறுவார்கள். காலைத் தூக்கும் நாய், கலைக்கும் மரத்துக்கும் வேறுபாடு பாராட்டுவதில்லை. முரணற்ற கோட்பாடு உடையது அது ஒன்றே.

காலமும் இச்சிக்கலில் பங்கெடுக்கிறது. டேவிட் நாஷின் ‘கருங்குவிமாடம்’ 1986இல் நட்டது: கருக்கிய 900 லார்ச் கட்டைகள், முன்பு இக்காட்டில் கரி சுட்டவர்களின் மேட்டை நினைவூட்டும் வடிவில் நெருக்கமாக நிற்பவை. அது மெல்ல மக்கி மண்ணாக வேண்டும் என்பதே சிற்பியின் எண்ணம். ஏறி மிதித்தவர்கள் அந்த எண்ணத்துக்கு ஊதியமின்றி உதவினார்கள். எந்த நாளில் சிற்பம் முடிந்து உரம் தொடங்குகிறது என்பதற்கு இலக்கணம் இல்லை. மக்தலேனா யெட்டலோவாவின் ‘இடம்’ கேனப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேட்டில் நின்ற பெரிய ஓக் நாற்காலி. ஊரார் அதை ராட்சத நாற்காலி என்றே அழைத்தார்கள். ஏறக்குறைய 30 ஆண்டு வெயிலும் மழையும் தின்ற பிறகு, மரம் தாங்காது என்று 2015இல் அது அகற்றப்பட்டது. அதில் யாரும் கடைசிவரை சௌகரியமாக உட்காரவில்லை. ஆயினும் அது நாற்காலியா என்று எவரும் ஐயுற்றதில்லை. இவ்வகையில் அது இப்பாதையின் மிக வெற்றிகரமான படைப்பு.

எனவே முடிந்த முடிபு இது: வரைபடத்தில் குறித்திருந்தால் சிற்பம், இல்லையேல் மரம். நடந்து பார்க்கக் கட்டணமில்லை. வண்டி நிறுத்தக் காசு உண்டு. காசு வாங்கும் இயந்திரத்தின் முன்பு கை கட்டி நிற்க வேண்டியதில்லை.