ஜன்னல் தாண்டும் விரல்கள்

கே: பன்னிரண்டு ஜன்னல்களைத் திறந்துவைத்து வேலை செய்கிறேன். வேண்டியதைத் தேடியே பொழுது போகிறது. (கணக்காளர், வெள்ளவத்தை)
ப: ஆல்ட்டை அழுத்திப் பிடித்து டாப் விசையைத் தட்டுங்கள். கடைசியாகப் பார்த்த ஜன்னல்தான் முதலில் வந்து நிற்கும். கடன் கொடுத்தவர் மாதிரி, உங்களை மறக்கவே மறக்காது!

கே: தட்டும் வேகத்தில் வேண்டிய ஜன்னலைத் தாண்டிவிடுகிறேனே? (அதே கணக்காளர்)
ப: ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள், பின்னோக்கி வரும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் உங்கள் தரிப்பைத் தாண்டினால் றிவேர்ஸ் எடுக்காது. இது எடுக்கும்.

கே: இரண்டு கணக்குகளை ஒப்பிட வேண்டும். மாறி மாறிப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. (வங்கி ஊழியர், கொட்டாஞ்சேனை)
ப: ஒன்றுக்கு விண்டோஸ் விசையும் இடது அம்பும், மற்றதற்கு விண்டோஸ் விசையும் வலது அம்பும். திரையைப் பாதிபாதியாகப் பங்குபோட்டு நிற்கும். வேலிச்சண்டை இல்லாத அயலவர்!

கே: ஒரே கணினியில் பல தளங்கள் (டெஸ்க்டாப்) வைக்கலாமாமே, எதற்கு? (பல்கலைக்கழக மாணவி, வெள்ளவத்தை)
ப: உங்கள் ஊரில் காலி வீதியும் மரைன் டிரைவும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றில் கடைச் சந்தடி, மற்றதில் கடற்காற்று. படிப்புக்கு ஒரு தளம், படத்துக்கு ஒரு தளம். விண்டோஸ், கொன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதுத் தளம் திறக்கும். டி-க்குப் பதில் இடது வலது அம்பு என்றால், அதுதான் நடுவில் உள்ள ஒழுங்கை.

கே: பல தளம் வைக்கும் இந்த யோசனை யாருடையது? (ஆசிரியர், கொட்டாஞ்சேனை)
ப: செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ஒஸ்டின் ஹென்டர்சனும் ஸ்டுவர்ட் கார்டும் 1986இல் ‘ரூம்ஸ்’ என்று எழுதிவைத்தார்கள். லினக்ஸ்காரர் முந்திக் குடிபுகுந்தார்கள். விண்டோஸ் 10 உடன் நமக்கு வந்தது 2015இல். அறை கட்டி 29 வருடம் கழித்துச் சாவி!

கே: மவுஸ் இருக்க விசைப்பலகையில் ஏன் விரல் வித்தை? (வியாபாரி, வெள்ளவத்தை)
ப: 1968 டிசம்பர் 9இல் சான் பிரான்சிஸ்கோவில் மவுஸை உலகுக்குக் காட்டினார் டக்ளஸ் எங்கல்பார்ட். வலக்கையில் மவுஸ், இடக்கையில் ஐந்து விசைகள். பெற்றவரே இரண்டையும் வைத்திருந்தார், வளர்க்கிற உங்களுக்கென்ன?

கே: விரல் மூட்டு நோகிறது, எனக்கு மவுஸ்தான் சரிவரும். (ஓய்வுபெற்ற அம்மா, கொட்டாஞ்சேனை)
ப: தாராளமாக, அம்மா. மவுஸின் நடுச்சக்கரம் உருட்ட மட்டுமல்ல, அழுத்தவும்தான். உலாவியின் டாப் மேல் வைத்து அழுத்தினால் அது மூடும். அந்தச் சின்னப் பெருக்கலடையாளத்தைத் துரத்தும் பாடு இல்லை.

கே: ஆப்பிள் கணினியில் ஆல்ட்–டாப் வேலை செய்யவில்லையே? (வடிவமைப்பாளர், வெள்ளவத்தை)
ப: அங்கே கமாண்ட்–டாப். அது செயலியைத்தான் மாற்றும். ஒரே செயலியின் ஜன்னல்களுக்குள் தாவ, கமாண்டோடு டாபுக்கு மேலேயுள்ள விசை. முதலாவது தொடர்மாடி மாற, இரண்டாவது அதே வீட்டில் அறை மாற.

கே: மூன்று மொழியிலும் கடிதம் அடிக்கிறேன். மொழி மாற்றுவதே பெரும்பாடு. (எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை)
ப: தமிழுக்கு ரெங்கநாதன், சிங்களத்துக்கு விஜேசேகர, ஆங்கிலத்துக்குக் குவெர்ட்டி: மூன்றையும் நிறுவிவிட்டு விண்டோஸ் விசையோடு ஸ்பேஸைத் தட்டுங்கள். இந்த நாட்டில் மொழிக்கும் மொழிக்கும் நடுவே அவ்வளவு இடைவெளிதான் இருக்கவேண்டும், பிள்ளை.

கே: மேலதிகாரி வரும்போது கிரிக்கெட் ஸ்கோரை மறைப்பது எப்படி? (பெயர் வேண்டாம், வெள்ளவத்தை)
ப: விண்டோஸ்–டி. எல்லா ஜன்னலும் ஒளியும், மறுபடி அழுத்தினால் திரும்பும். விக்கெட் விழுந்த உங்கள் முகத்தை ஒளிக்கத்தான் விசை இல்லை.

கே: எல்லா விசையும் பாடம். இருந்தும் வேலை முடியவில்லை! (வாசகர், கொட்டாஞ்சேனை)
ப: வெள்ளவத்தையில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கிக் கடைகடையாய் ஏறினால் கொட்டாஞ்சேனை எப்போது வரும், தம்பி? விசை வழியைத்தான் சுருக்கும். வீட்டுக்கு நீங்கள்தான் போகவேண்டும்.