காற்று எங்களுக்கு, தண்ணீர் உங்களுக்கு

புளோரிடாவுக்கு மூன்று பக்கமும் கடல். அங்கே விற்கிற சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. காற்றடித்தால் கம்பெனி கொடுக்குமாம். தண்ணீர் புகுந்தால் அதற்குத் தனிப் பாலிசி வேண்டுமாம். அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாகப் பணம் கட்டி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலருக்கு மேல் தராது. புயல் கிளம்பிய சேதி கேட்டு ஓடுகிறவர், ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிப் புயலிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

புயலுக்கு இந்தக் காற்று, தண்ணீர் பாகப்பிரிவினை தெரியாது. கூரையைப் பிய்த்த கையோடு கடலைக் கூடத்துக்குள் தள்ளிவிடுகிறது. 2022 செப்டம்பரில் ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் இயான் புயல் செய்தது அதுதான். பிறகு கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வருகிறார். சுவரில் சேற்றுக்கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று டேப் வைத்து அளக்கிறார். கறைக்குக் கீழே இருப்பது வெள்ளம், கம்பெனி பொறுப்பல்ல. மேலே இருப்பது? கூரை பழசு, பராமரிப்பு போதாது. காற்றும் வெள்ளமும் சேர்ந்தே இடித்தால் ஒரு காசும் கிடையாது என்று பல பாலிசிகளில் ஒரு வரி உண்டு. பிரீமியம் வாங்கும்போது அந்த வரியை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

இத்தனையும் தாண்டி ஏதாவது தேறினால், புயலுக்கென்றே ஒரு பிடித்தம் காத்திருக்கிறது. 5 லட்சம் டாலர் காப்பீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் வீட்டுக்காரர் தலையில். 5 சதவீதம் என்றால் 25,000. காப்பீடே வேண்டாம் என்று விலகவும் முடியாது. வீட்டுக்கடன் கொடுத்த வங்கி விடாது.

கம்பெனிகளைக் கேட்டால் நஷ்டம் என்று ஒப்பாரி. மாநிலக் காப்பீட்டுத் துறைக்காக 2022-இல் ஒரு ஆய்வு நடந்தது. 2017 முதல் 2019 வரை கம்பெனிகள் நஷ்டக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தபோதே, அந்தந்த முதலாளிகளின் மற்ற நிறுவனங்களுக்குப் பல நூறு கோடி டாலர் போயிருந்தது. இடது பாக்கெட் காலி. வலது பாக்கெட் வீங்கியிருந்தது. 2025-இல் பத்திரிகைகள் தோண்டியெடுக்கும்வரை அந்த ஆய்வு ஊருக்குத் தெரியாது. நடுவில் சட்டமன்றம் சும்மா இருக்கவில்லை. 2022 டிசம்பரில் அவசரமாகக் கூடி, கம்பெனி மேல் வழக்குப் போட்டு ஜெயித்தாலும் வக்கீல் செலவை அதனிடம் வாங்க முடியாதபடி சட்டம் செய்தது. நோய் கண்டுபிடித்துவிட்டார்கள்: வழக்குப் போடுகிற பாலிசிதாரர்.

எவரும் சேர்த்துக்கொள்ளாத வீடுகளுக்கு அரசின் சிட்டிசன்ஸ் கம்பெனி இருக்கிறது. அதன் கஜானா வற்றினால் மாநிலத்தில் வேறு கம்பெனிகளின் பெரும்பாலான சொத்து, வாகனக் காப்பீடுகளிலும் கூடுதல் வசூல் செய்யலாம், கார் காப்பீடு உட்பட. 2005 புயல்களின் பாக்கியை 2015 வரை இப்படித்தான் வசூலித்தார்கள். யாரோ ஒருவரின் கடற்கரை வீட்டுக் கூரைக்கு, வாடகை வீட்டில் இருந்துகொண்டு பழைய காரில் வேலைக்குப் போகிறவர் தண்டம் அழுகிறார். அவர் கார் வெள்ளத்தில் முழுகினால்? மாநிலம் கட்டாயப்படுத்தி எடுக்கவைக்கிற காப்பீட்டில் அது சேராது.