தட்டுச் செல்வம்

எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் புகைப்படமெடுக்க உலகமே திரண்டுவரும் காலத்தில், அதற்கு முதுகைக் காட்டியமர்ந்து, கணினியில் இயங்குதளத்தை நிறுவும் தட்டுகளைச் சேகரித்துத் துடைத்துவைக்கும் நண்பரொருவரை என்னென்பது! கெனானிக்கல் நிறுவனம் 2011 வரை கேட்டவர்க்கெல்லாம் தபாற்செலவுமின்றி அனுப்பிவைத்த உபுண்டுத் தட்டுகள், தானமாக வந்தவை என்னும் விசேஷத்தினாலேயே அவருடைய அலுமாரியில் அக்கிராசனம் பெற்றிருக்கின்றன. விண்டோஸ் 95-இன் 13 நெகிழ்வட்டுகளோ, ஒன்று பழுதுபட்டால் மற்றப் பன்னிரண்டும் பிரயோசனமற்றுப்போகும் கூட்டுக்குடும்ப தர்மத்தை இன்றளவும் அநுஷ்டித்துக் கிடக்கின்றன. இவற்றைச் செலுத்துவதற்கு வாய் திறக்கும் கணினி ஒன்றேனும் அவரிடம் உண்டோவென்றால், இல்லை. அது ரசிகத்தன்மைக்குப் புறம்பான கேள்வியாம்.

பெடோராவின் வம்சத்தில் உதித்து, சிங்களமும் தமிழும் அறிந்த ஹந்தான லினக்ஸின் தட்டு மாத்திரம் அவருக்கு மனஸ்தாபந் தருவது: தன் பெயரை ஓர் இயங்குதளத்துக்குச் சூட்டும் பாக்கியம் கண்டியின் ஹந்தான மலைக்கு வாய்த்ததுபோல் எங்கள் நமுனுகுல மலைக்கு வாய்க்கவில்லையே! லயத்து அயலவர்களோ, மரக்கறித் தோட்டத்தில் பறவை விரட்டத் தொங்கவிடுவதற்கு நாலு தட்டுக் கேட்டு வருகிறார்கள். அவர் நெடுநேரம் ஆலோசித்து, விண்டோஸ் விஸ்டாவை மாத்திரம் தந்தருளுகிறார்.