முதல் குண்டுக்கு எத்தனை நாள்?

போன மாதம் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. அவன் கணினித் திரையில் கும்மிருட்டு, நடுவில் ஒரு பாறை, பாறையின் மேல் ஒரு பச்சை ஒளிக்கோடு. கை மவுஸில் இல்லை. மடியில் கிண்ணத்தை வைத்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"என்னடா கண்ணு பண்ற?"

"தோண்டிட்டிருக்கேன் மாமா."

"விண்வெளிச் சண்டை கேம்னு சொன்னியே?"

"சண்டைக் கப்பல் வாங்கறதுக்குக் காசு சேரணுமே. தெனம் ரெண்டு மணி நேரம் தோண்டினா இன்னும் ஒம்பது நாள்ல வாங்கிரலாம். இல்லீன்னா 799 ரூபா கட்டினா இப்பவே குடுத்துருவாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்மாகிட்டச் சொல்லீராதீங்க மாமா."

அந்த விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். அதுபோல் இன்று பல இருக்கின்றன. விளையாடுபவர்கள் இதைக் கிரைண்டிங் என்பார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து புள்ளியும் காசும் சேர்ப்பது. எங்கள் ஊரில் கிரைண்டர் என்றால் மாவு அரைக்கும் இயந்திரம். ராத்திரி அரைத்தால் காலையில் இட்லி உண்டு என்று நம்பி அரைப்போம். அந்தப் பையனின் ஒன்பது நாளுக்கு அப்படி ஓர் உறுதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு தூக்கம் பிடிக்காமல் என் பழைய நாட்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2003. பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கல்லூரிக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். ஒரு சீனியர்தான் 'கன்டினியூம்' என்ற விளையாட்டைக் காட்டினார். அதன் மூலம் 'சப்ஸ்பேஸ்', 1997-இல் வர்ஜின் இன்டராக்டிவ் வெளியிட்டது. டயல்-அப் மோடம் காலத்திலேயே இணையத்தில் பலர் ஒரே களத்தில் மோதும்படி எழுதப்பட்ட விளையாட்டு. வெளியிட்ட நிறுவனம் சரிந்தபோது விளையாட்டு சாகவில்லை. சர்வரை யார் வேண்டுமானாலும் நடத்தலாம் என்று இருந்ததால், விளையாடியவர்களே நடத்தினார்கள். பிறகு அவர்களில் ஒருவரான எஸ்தோனியாக்காரர் பிரீட் கசெசாலு, விளையாடுபவர் கணினியில் ஓடும் நிரலைப் புதிதாக எழுதினார். அதுதான் கன்டினியூம். பின்னாளில் ஸ்கைப்பை உருவாக்கிய நிரலாளர்களில் அவரும் ஒருவர்.

அந்த விளையாட்டில் ஒரு விஷயத்தை நான் இன்றும் வியக்கிறேன். திரையில் மேலிருந்து பார்க்கும் சின்னக் கப்பல். அம்புக்குறி விசைகள் திருப்பும், தள்ளும். கன்ட்ரோல் விசை துப்பாக்கி, டேப் விசை வெடிகுண்டு. பிரேக் கிடையாது. ஒருமுறை தள்ளினால் கப்பல் அந்தத் திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும். நிறுத்த வேண்டுமானால் எதிர்த்திசையில் தள்ள வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஆற்றல் என்று ஒரே ஒரு எண். அதுதான் உங்கள் உயிர். அதுவே உங்கள் தோட்டாவும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உங்கள் உயிரிலிருந்து ஒரு பங்கு குறையும், கொஞ்சம் பொறுத்தால் மெல்ல ஏறும். பயத்தில் விசையை அமுக்கிப் பிடித்துச் சரமாரியாகச் சுட்டவன் வெறும் கூடாக மிதப்பான். அவனை ஒரே குண்டில் முடித்துவிடலாம். எதிரி எவ்வளவு செலவழித்திருப்பான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடியே பறக்க வேண்டும். நான் அறிந்த எந்த விண்வெளிச் சண்டை விளையாட்டிலும் இவ்வளவு எளிய, இவ்வளவு ஆழமான விதியைக் கண்டதில்லை.

நாங்கள் போனது 'டிரெஞ்ச் வார்ஸ்' என்ற களத்துக்கு. எட்டு வகைக் கப்பல்கள், எட்டும் எல்லோருக்கும் முதல் நொடியிலிருந்தே திறந்திருக்கும். ஐந்து வருடம் ஆடியவருக்கும் அன்று காலை வந்தவனுக்கும் வார்பேர்ட் என்றால் ஒரே வார்பேர்ட்தான். செத்தால் சில நொடிகளில் மீண்டும் பறக்கலாம். இருபது ரூபாய் கொடுத்தவனுக்கு அந்த மணி நேரம் முழுக்க விளையாட்டுதான்.

எனக்கு ஒரே தடை, தூரம். சர்வர்கள் அமெரிக்காவில். பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் சென்டர் இணைப்பில் நான் சுட்ட குண்டு அங்கே போய்ச் சேருவதற்குள் எதிரி நகர்ந்திருப்பான். தாமதம் எல்லை மீறினால் சர்வரே கப்பலைப் பறித்துப் பார்வையாளர் இருக்கையில் உட்காரவைத்துவிடும். வாரக்கணக்கில் அந்த இருக்கையில் இருந்து மற்றவர்கள் பறப்பதைப் பார்த்தேன். எதிரி இருக்கும் இடத்தைக் குறிவைக்கக் கூடாது, இருக்கப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும் என்பதை அங்கே உட்கார்ந்துதான் கற்றேன். என் முதல் வெற்றி ஒரு விடியற்காலையில், சென்டரில் வேறு யாரும் இல்லாதபோது கிடைத்தது. அந்தக் கப்பல் சிதறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்குப் பரிசு எதுவும் வரவில்லை, எந்தப் பூட்டும் திறக்கவில்லை. விரல் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

இந்த வகை விளையாட்டுகளின் ஆதியும் அப்படித்தான். 1962-இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் எழுதிய 'ஸ்பேஸ்வார்!' விளையாட்டில் இரண்டு கப்பல்கள், நடுவில் ஈர்க்கும் ஒரு நட்சத்திரம். உட்கார்ந்தால் சண்டை. உழைத்துச் சேர்க்கும் வழி பின்னால் வந்தது. 1984-இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் உருவாக்கிய 'எலீட்'டில் 100 கிரெடிட்டோடு தொடங்கி, சரக்கு வாங்கி விற்று, கப்பலுக்கு ஆயுதம் பூட்ட வேண்டும். 'எலீட்' என்ற உச்சப் பட்டத்துக்கு 6,400 எதிரிகளை வீழ்த்த வேண்டும். ஆனால் முதல் பயணத்திலேயே கொள்ளைக்காரன் வழிமறிப்பான். உழைப்பும் சண்டையும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன.

நானும் தோண்டியவன்தான், அதை மறைக்க விரும்பவில்லை. 2006-இல் வேலை, வீட்டில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட். இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்பது அன்றைய திட்டம். அலாரம் வைத்து எழுந்து, ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-இல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்' விளையாடுவேன். மாதம் 15 டாலர் சந்தா, அன்றைய கணக்கில் 650 ரூபாய்க்கு மேல். அதில் திறமை என்பது கடிகாரத்தில் ஏறும். ஒரு பயிற்சியைத் தொடங்கினால் அது மணிக்கணக்காக, நாள்கணக்காகத் தானே ஓடும். முடியும் நேரத்தில் நீங்களே வந்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். வரிசையாகப் போட்டுவைக்கும் வசதி 2009-இல்தான் வந்தது. அதற்குமுன் அலுவலகத்தில் இருக்கும்போது பயிற்சி முடிந்துவிட்டால் அந்த நேரம் வீண். தினமும் பராமரிப்புக்காக சர்வரை நிறுத்துவார்கள். உலக நேரம் பகல் 11, நமக்கு மாலை நான்கரை.

வெல்ட்ஸ்பார் என்ற பாறைதான் எங்கள் பிழைப்பு. கப்பலின் சரக்கறை சிறியது. அதனால் வெட்டிய கனிமத்தை ஒரு பெட்டியில் போட்டு வெளியே மிதக்கவிடுவோம். பெட்டி இரண்டு மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் ஒருவர் பெரிய சரக்குக் கப்பலோடு வந்து அள்ள வேண்டும். திருடனும் வருவான். களத்தில் நெல்லைக் காயப்போட்டுக் காவல் இருப்பது மாதிரி ஒரு வேலை. எங்கள் குழுவில் கனடாவின் ஸ்கார்பரோவில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். எனக்கு நடுநிசி, அவருக்கு மாலை வேலைக்குக் கிளம்பும் முன் கிடைக்கும் நேரம். ஹெட்செட்டில் அவர் குரல் வரும்: "தம்பி, பெட்டியைப் பாத்துக்கொள். நான் லொறியோட வாறன்." கப்பலை அவர் லொறி என்றுதான் சொல்வார். அவர் பார்த்த பனிக்காலம், விட்டுவந்த ஊர், என் அம்மாவின் அறுவை சிகிச்சை, எல்லாம் அந்தப் பாறை ஓரத்தில் பேசியவை. நான் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த வாரத்தில் என் பெட்டிகளையும் அவரே காத்தார். அந்தக் குரலுக்காகத்தான் அலாரம் வைத்து எழுந்தேன் என்று இப்போது புரிகிறது. பாறைக்காக யாரும் இரண்டு மணிக்கு எழ மாட்டார்கள்.

அந்த உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு நாள் சாட்சி. 2014 ஜனவரி 27. ஈவில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகையை ஒரு கூட்டணி கட்டத் தவறிவிட்டது. உரிமை பறிபோனது, சண்டை மூண்டது. ஏறத்தாழ 21 மணி நேரம். 7,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். சர்வர் தாங்காமல் விளையாட்டுக்குள் காலம் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கப்பட்டது. டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. இழப்பு நிஜப் பணத்தில் மூன்று லட்சம் டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். நான் அதற்குள் விலகிவிட்டிருந்தேன், செய்தியில்தான் படித்தேன். எத்தனையோ பேர் எத்தனையோ இரவுகள் வெட்டிய பாறை அந்தக் கப்பல்களில் இருந்தது. அதனால்தான் அந்த இழப்பு வலித்தது, அந்த வெற்றி இனித்தது. இழப்பதற்கு ஒன்று இருக்க வேண்டுமானால் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். கிரைண்டிங்கை ஆதரிப்பவர்களின் இந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் காத்திருப்பு விற்பனைச் சரக்கானபோது கதை மாறிவிட்டது. 2016 பிப்ரவரியில் ஈவிலேயே ஒருவரின் பயிற்சியைப் பிழிந்தெடுத்து இன்னொருவருக்கு ஊசிபோல ஏற்றும் முறை வந்தது. காசிருந்தால் மாதங்களைத் தாண்டலாம். 2017-இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' வந்தபோது டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் வேண்டும் என்றார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு அது. ஏறத்தாழ 40 மணி நேரம் ஆடினால்தான் அது சேரும் என்று விளையாடுபவர்கள் கணக்குப் போட்டுக் கொதித்தார்கள். சாதித்த பெருமித உணர்வுக்காகத்தான் இப்படி வைத்தோம் என்ற பொருளில் அதை வெளியிட்ட ஈஏ நிறுவனம் ரெடிட் இணைய மன்றத்தில் தந்த பதிலுக்கு ஆறரை லட்சத்துக்கும் மேல் எதிர் வாக்குகள் விழுந்தன. விலையை 15,000-ஆகக் குறைத்தார்கள். வெளியீட்டுக்குச் சற்றுமுன் காசு கட்டும் வசதியையே தற்காலிகமாக மூடினார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியம் சில விளையாட்டுகளில், உள்ளே இருப்பது தெரியாமல் காசு கட்டி வாங்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

காத்திருப்பை விற்க வேண்டுமானால் காத்திருப்பு சலிப்பூட்ட வேண்டும். இதில்தான் என் கோபம். அலுப்பு அங்கே தவறிப்போய் வந்ததல்ல, அளந்து வைத்தது.

காத்திருப்பை விற்காத இடத்திலும் அலுப்பு இருந்தது. 2014-இல் வந்த 'எலீட் டேஞ்சரஸ்' நம் பால்வீதியையே 40,000 கோடி நட்சத்திர மண்டலங்களோடு காட்டும் அற்புதம். ஆனால் கப்பலை மேம்படுத்தத் தேவையான பொருள்களைச் சேர்ப்பதற்காக, 'டாவ்ஸ் ஹோப்' என்ற கைவிடப்பட்ட குடியிருப்பில் வண்டியில் ஒரு சுற்று வந்து அள்ளுவது, விளையாட்டை விட்டு வெளியேறுவது, மீண்டும் நுழைந்தால் பொருள்கள் அதே இடத்தில் இருக்கும், மீண்டும் அள்ளுவது என்று பலர் மாலை முழுவதையும் கழித்தார்கள். 40,000 கோடி மண்டலங்களில் ஒரே ஒரு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி. அதே விளையாட்டில் 2015-இல் உடனடிச் சண்டைக்கென்று ஒரு களமும் திறந்தார்கள். கப்பலைச் சேர்க்கவே வேண்டாம், நுழைந்ததும் சுடலாம். ஆனால் அங்கே ஆள் சேராமல் எதிரிக்காக நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. வெறும் வேகம் மட்டும் போதாது, கூட ஆட ஆள் வேண்டும் என்பதை அந்தக் களம் காட்டியது. உழைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பறக்கும் சுகத்தை உழைப்புக்குப் பின்னால் அடைத்துவைக்காதீர்கள் என்கிறேன்.

மறுநாள் காலை அக்கா மகனின் கணினியில் கன்டினியூமை இறக்கினேன். காசு இல்லை, சில நிமிட வேலை. வார்பேர்டில் ஏற்றிவிட்டு விசைகளைச் சொன்னேன். இப்போது வீட்டில் ஃபைபர் இணைப்பு. யாரும் அவனைப் பார்வையாளர் இருக்கைக்குத் தள்ளவில்லை. பத்து நிமிடத்தில் பதினொரு முறை செத்தான். முறுக்குக் கிண்ணம் கட்டிலுக்குப் போய்விட்டது. இரண்டு கையும் விசைப்பலகையில்.

"மாமா, என்னை இத்தனை தடவை அடிச்சானே, அவன்கிட்ட என்ன கப்பல் இருக்குது?"

"உன்கிட்ட இருக்கிற அதே கப்பல்தான் கண்ணு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. திரையில் தன் ஆற்றல் எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, நான் சொல்லாமலே, சுடுவதை நிறுத்திவிட்டு அந்த ஆளைச் சுற்றி வழுக்க ஆரம்பித்தான். அவர் ஒன்று சுட்டார், இரண்டு சுட்டார், மூன்றாவதும் சுட்டார். இவன் ஒரே ஒரு முறை கன்ட்ரோலைத் தொட்டான். குண்டு படவில்லை, ஓரமாகப் போய்விட்டது. ஆனால் அவன் கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.

799 ரூபாய் பேச்சு அன்று எழவில்லை. மறுபடியும் எழலாம், அவன் நண்பர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாட்டு வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும் வீடுகளில் நீங்களும் இருப்பீர்கள். படம் நன்றாக இருக்கிறதா, விலை என்ன என்று பார்க்கும்போதே இதையும் ஒருமுறை அவர்களிடம் கேளுங்கள்: முதல் குண்டை எப்போது சுடலாம்? பதில் நாள்கணக்கில் வந்தால், அந்த நாட்களில் கூட இருக்கப்போவது யார் என்றும் கேளுங்கள்.