அரமும் அறமும்

1984-இல் நான் காரைக்குடியில் ஆறாம் வகுப்பு. சொல்வதை எழுதுதலில் தமிழய்யா ‘அறம்’ என்றார். நான் ‘அரம்’ என்று எழுதினேன். அவர் முகம் சுழிக்கவில்லை. “சாயங்காலம் செக்காலையில ஆசாரி பட்டறைக்குப் போ. அரம்னா என்னன்னு பார்த்துட்டு வந்து நாளைக்கு வகுப்புல சொல்லு” என்றார்.

போனேன். ஆசாரி ரம்பத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிறுத்தி, முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவிக்கொண்டிருந்தார். இரும்புத் தூள் அவர் வேட்டியில் உதிர்ந்தது. வந்த காரணத்தைச் சொன்னதும் பழைய அரம் ஒன்றைக் கொடுத்து, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். மறுநாள் அதை வகுப்பில் சொன்னேன். வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் இதே அரத்தை உவமையாக்கியிருக்கிறார் என்று ஐயா அங்கிருந்து பாடத்தைத் தொடங்கினார். அன்று முதல் எனக்கு ரகரமும் றகரமும் மாறியதில்லை.

அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் ஏதும் இல்லை. ஊர்தான் மதிப்புக் கொடுத்தது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா பங்குனியில் வந்தால், பள்ளிக்கூட வாசல் மிதிக்காத என் அப்பத்தா முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். வீடு திரும்பியதும், வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று சாப்பாட்டை மறந்து வாதாடுவாள். நல்ல தமிழ் பேசுகிற பிள்ளை என்று பெயர் எடுப்பதே அன்று எங்களுக்குப் பரிசு.

இன்று அதே செக்காலையில் என் தங்கை மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு நோட்டு நிரம்பி வழிகிறது. தமிழ் நோட்டில் பாதி காலி. கேட்டால், “தமிழ் கட்-ஆஃப்ல வராதே மாமா” என்கிறான். அவன் சொல்வது உண்மை. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத்தான் கணக்கு. எட்டாம் வகுப்புவரை எல்லோரும் தேர்ச்சி. ஆறு, ஏழு, எட்டில் ஒரு பிள்ளை தமிழில் என்ன கற்றது என்பது எந்தச் சான்றிதழிலும் ஏறுவதில்லை. கணக்கில் வராததைப் படி என்று பிள்ளையை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது?

போன மாதம் மாடி வீட்டுப் பெண் வந்தாள். பொறியியல் முடித்தவள், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். “தம்பி, உன் ஆறாவது, ஏழாவது தமிழ்ப் புத்தகம் இருந்தாக் குடேன்” என்றாள். அவன் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தான்.

“இதுக்கெல்லாம் மார்க் உண்டாக்கா?”

“நூத்தம்பது. அதுல அறுபது வாங்கலேன்னா அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க.”

2021 டிசம்பரில் வந்த அரசாணை அது. அரசு வேலைக்குத் தமிழ்த் தாளில் நூற்றுக்கு நாற்பது கட்டாயம். பதினோரு வயதில் எண்ணாமல் விட்டதை இருபத்தாறு வயதில் எண்ணுகிறோம். பிள்ளை அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். “இப்பவே எண்ணினா என்ன மாமா?” என்றான்.

எண்ணலாம் என்றே நினைக்கிறேன். பழைய மதிப்பெண்ணைப் புதிய வகுப்புக்குக் கொண்டுபோவது நமக்குப் புதிதல்ல. கொரோனாவால் 2021-இல் பிளஸ் டூ தேர்வு நடக்காதபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று எடுத்தார்கள். அதிலும் பத்தாம் வகுப்பில் அதிகம் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியை மட்டுமே சேர்த்தார்கள். பிள்ளையின் சறுக்கலை விட்டுவிட்டு, ஏறிய இடத்தைப் பார்த்த அந்த முறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நடுநிலைப் பள்ளித் தமிழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் அப்படித்தான் சேரவேண்டும்: உயர்த்தினால் சேர்க்கலாம், தாழ்த்தினால் விட்டுவிடலாம். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் மகள் ஆறாம் வகுப்பில்தான் அகரம் எழுதத் தொடங்கியிருப்பாள். அவள் தடுமாறிய ஆண்டுகள் பத்தாம் வகுப்பில் அவளைப் பிடித்து இழுக்கக் கூடாது. எண்ணுவதும் பரீட்சைத் தாளாக இருக்க வேண்டியதில்லை. பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதுவது, ஒரு கதையைத் தன் வாயால் சொல்வது, ஒரு புத்தகத்தை முழுக்க வாசிப்பது ஆகியவற்றை ஆசிரியர் பார்த்துக் குறித்தால் போதும்.

அன்று பட்டறையிலிருந்து கிளம்பும்போது ஆசாரியிடம், ரம்பம் மழுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “அறுக்கும் தம்பி. ஆனா கை ஒடிஞ்சு போகும்” என்றார். மாடியில் இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரிகிறது. ஆறாம் வகுப்புத் தமிழை அந்தப் பெண் வாய்விட்டுப் படிப்பது கீழே கேட்கிறது.