துத்தமும் ஷிஃப் காரமும்: திராட்சைப் பந்தல் வேதியியல்

கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தல்களில் கவாத்து முடிந்து துளிர் விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். இலையின் மேலே மஞ்சள் திட்டு, அடியில் வெண்படலம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் இதிலிருந்து விலக்கில்லை. இதற்கு அடிக்கும் மருந்துகளில் மூத்தது போர்டோ கலவை. பிரான்சில் மில்லார்தே 1885இல் வெளியிட்ட முறை அது. இன்று வழக்கமான அளவு: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலவையில் அரிவாளை முக்கி எடுக்கும்போது இரும்பில் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை.

துத்தத்தின் நீலம் செம்புக்கு மட்டும் உரியதல்ல. செம்பு அயனியைச் சூழ்ந்து பிடித்திருக்கும் நீர் மூலக்கூறுகளுக்கும் அதில் பங்குண்டு. வறுத்து நீரை ஓட்டினால் துத்தம் வெளுத்துவிடும். இப்படி உலோகத்தைப் பிடித்துக்கொள்பவை ஈனிகள். ஈனியும் உலோகமும் சேர்ந்தது அணைவுச் சேர்மம்.

ஹ்யூகோ ஷிஃப் 1864இல் ஆல்டிஹைடையும் அமீனையும் இணைத்துக் காட்டிய சேர்மங்களான ஷிஃப் காரங்கள் மிக நல்ல ஈனிகள். சாலிசிலால்டிஹைடையும் எத்திலீன்டைஅமீனையும் எத்தனாலில் சூடாக்கினால் மஞ்சள் படிகம் கிடைக்கும். அதில் செம்பு அசிட்டேட்டைச் சேர்த்தால் பச்சையாகிவிடும். இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன் என நான்கு முனைகள் செம்பைப் பிடித்துவிட்டன. அகச்சிவப்பு நிறமாலையில் 1630 செ.மீ⁻¹ அருகே நிற்கும் கார்பன்-நைட்ரஜன் பிணைப்பின் உறிஞ்சல் சற்றுக் கீழே இறங்குவது அதற்குச் சாட்சி.

விருதுநகர் இந்து நாடார் செந்திக்குமார நாடார் கல்லூரி இவ்வகைச் சேர்மங்களைத் தொடர்ந்து தயாரித்து, நுண்ணுயிரிகள்மேல் சோதித்து வெளியிட்டுவருகிறது. இத்தகைய சோதனைகளில் தனி ஈனியைவிட அணைவுச் சேர்மமே பெரும்பாலும் வலுவாகக் கொல்கிறது. ஈனி சூழ்ந்ததும் உலோகத்தின் மின்சுமை பரவித் தணிகிறது, கொழுப்புப் பாங்கான செல் சவ்வைக் கடப்பது எளிதாகிறது என்று விளக்குவார்கள்.

நம் பந்தலுக்கு இந்த ஆய்வு மிகவும் வேண்டும். துத்தத்தில் கால் பங்கு செம்பு. அடித்த செம்பு மண்ணில் அழியாது, சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என வரம்பு வைத்திருப்பது இதனால்தான். ஷிஃப் காரத்தின் துணையால் குறைந்த செம்பே போதுமானால் அது பெரிய லாபம்.

ஆனால் ஆய்வகத் தட்டில் வழக்கமாக வளர்ப்பவை ஆஸ்பெர்ஜில்லஸ், கேண்டிடா போன்ற பூஞ்சைகள். அடிச்சாம்பலை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிகோலா உண்மையான பூஞ்சையே அல்ல. உயிருள்ள திராட்சைக் குடும்பத் திசுவை விட்டால் வேறெதிலும் வளராது. எனவே பந்தலிலிருந்து இலை பறித்து, வட்டமாக வெட்டி, அடிப்பக்கம் மேலிருக்க ஈரத்தில் பரப்பி, சேர்மத்தைத் தெளித்தபின் நோய் வித்தை இட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் வெண்படலம் வந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஏற்ற இலை கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுதும் கிடைக்கிறது.