பட்டையைக் கழற்றினால் அச்சை யார் பிடிப்பது?

கேள்வி: பழைய பத்மினியின் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி, இரண்டு காயில்ஓவர் மாட்டினால் பந்தயக் கார் தயாராகிவிடுமா? (நிலக்கோட்டை வாசகர்)

பதில்: பட்டையைக் கழற்றிய கணமே பின் அச்சு அனாதையாகிவிடும் என்பதுதான் முதல் சிக்கல். 1964 முதல் பம்பாயில் உருவான ஃபியட் 1100டி-யின் வழிவந்த பத்மினியில், இரு பின் சக்கரங்களையும் டிஃபரன்ஷியலையும் ஒரே உறைக்குள் இணைக்கும் திட அச்சு பட்டைகளின் மேல் யு போல்ட்டால் இறுக்கப்பட்டிருப்பதால், அந்தப் பட்டைகள் பாரத்தைத் தாங்குவதுடன், அச்சு முன்பின் நகராமலும், பக்கவாட்டில் விலகாமலும், பிரேக் பிடிக்கையில் முறுக்கிக்கொள்ளாமலும் காக்கின்றன. ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள் ஸ்பிரிங்கைப் பொருத்தி, மரை வளையத்தைத் திருகி உயரத்தை மாற்ற வகைசெய்யும் காயில்ஓவருக்கோ பாரம் தாங்குவதும் அதிர்வு அடக்குவதும் மட்டுமே தெரியும். ஆகவே அச்சை நீளவாக்கில் பிடிக்கும் இணைப்புக் கம்பிகளும், பக்கவாட்டில் பிடிக்கும் பன்ஹார்ட் கம்பியும் முதலில் அமைய வேண்டும். லோட்டஸ் செவன் என்னும் புகழ்பெற்ற சிறு ஸ்போர்ட்ஸ் கார் திட அச்சுடன் சுருள் ஸ்பிரிங்கை ஏற்றதும் இத்தகைய பிடிமானங்களின் துணையோடுதான். பழைய ஷாக் மாட்டிய தகடு அதிர்வை மட்டும் தாங்கியது, இனிக் காரின் பின்பாரம் முழுவதும் அங்கே இறங்கும் என்பதால், பாடியின் அந்த இடத்தை வலுப்படுத்தாமல் விட்டால் தகடு கிழியும்.

கேள்வி: திண்டுக்கல் பூட்டுக்கு அதனதன் சாவிதான் பொருந்தும், காயில்ஓவர் மட்டும் எந்தக் காருக்கும் பொருந்துமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பொருந்தாது. எடை மேடையில் பின் சக்கரங்களைத் தனித்தனியே நிறுத்தி, அச்சு, சக்கரம் ஆகியவற்றின் எடையைக் கழித்தபின் ஒரு பக்கத்தில் 250 கிலோ பாரம் நிற்பதாகக் கொண்டால், அந்தப் பாரத்தில் 10 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ விறைப்புடையது. அது நொடிக்கு ஏறக்குறைய 1.6 முறை ஊசலாடும், சாலையிலும் ஓடக்கூடிய ஸ்போர்ட்ஸ் காருக்கு இது ஏற்ற அளவு. ஆனால் ஷாக்கைச் செங்குத்திலிருந்து 20 பாகை சாய்த்துப் பொருத்தினால் விறைப்பில் 88 சதவீதமே சக்கரத்துக்குக் கிடைப்பதால் 2.8 கிலோ ஸ்பிரிங் தேவைப்படும். 45 பாகை சாய்த்தாலோ பாதி போய்விடும்.

கேள்வி: சிறுமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் கார் சாய்கிறதே, விறைப்பான ஸ்பிரிங் போட்டால் தீருமா? (சின்னாளபட்டி வாசகர்)

பதில்: ஓரளவுக்குத்தான். சக்கரங்களின் இடைவெளி 120 செ.மீ., ஷாக்குகளின் இடைவெளி 90 செ.மீ. என்றால், கார் சாயும்போது ஸ்பிரிங் விறைப்பில் 56 சதவீதமே எதிர்த்து நிற்கும். எனவே ஷாக்குகளை இயன்றவரை சக்கரத்தின் அருகே நகர்த்துவதே உண்மையான மருந்து. கடும் விறைப்பு, கனமான திட அச்சை மேடுபள்ளத்தில் துள்ளவிட்டு, டயரின் பிடியைத்தான் பறிக்கும்.

கேள்வி: வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அனுமதிக்குமா? (பழனி வாசகர்)

பதில்: உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இத்தகைய காருக்கு இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடமே உரிய இடம்.

கேள்வி: தேர்ந்தெடுத்தது சரிதானா என்று எப்படி அறிவது? (வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி உடலோடு ஒட்ட நகர்த்தி வைத்து, தடத்தில் ஓட்டித் திரும்பினால், ஷாக் எவ்வளவு அமுங்கியது என்பதை டை நின்ற இடம் காட்டும்; அது தடுப்பு ரப்பரைத் தொட்டிருந்தால் உயரத்தையோ விறைப்பையோ கூட்ட வேண்டும், பாதித் தூரம்கூடப் போகவில்லை என்றால் ஸ்பிரிங்கை இளக்க வேண்டும்.